வீட்டுக்குள் வரும் சத்தத்துக்குக் காதில் எதைப் போடுவது?

பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்குச் செம்பனை ஆலையில் இரவு சிப்டு. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவர் பத்து மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மகள் இந்த வருடம் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகிறாள். தாமான் வீடு, பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒரே சுவர். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் கரவோக்கே தொடங்கிவிடும். பின்னால் உள்ள கடை வரிசையில் மேல்மாடி முழுக்கப் பறவைக்கூட்டுக் கட்டடம், அதாவது கூட்டை எடுத்து விற்பதற்காகக் குருவிகளை ஒலி போட்டு வரவழைக்கும் இடம். விடிந்ததில் இருந்து இருட்டும் வரை ஒலிபெருக்கியில் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கையில் முன்னூறு வெள்ளி (ரிங்கிட்) வைத்திருக்கிறார். இரைச்சலை நீக்கும் ஹெட்போன் ஒன்று வாங்கி, பகலில் அவரும் இரவில் மகளும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்பது கேள்வி.

வேண்டாம், தங்கச்சி. அந்த முன்னூறு வெள்ளியை ஒரே பொருளில் கொட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் சத்தம் ஒன்று இல்லை, மூன்று வகை இருக்கிறது. அதைக் கேட்டு அவதிப்படும் காதுகளும் இரண்டு விதம். ஒருவர் படுத்துத் தூங்க வேண்டும், இன்னொருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரே ஹெட்போன் இருவருக்கும் ஆகாது. நான் இருபத்தைந்து வருடம் செம்பனை ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். காதுக்குப் போடும் சாமான்களை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்திருக்கிறேன், போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன், தப்பாகப் போட்டுப் பாழான காதுகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரம் மகளின் படிப்பு மேசையில் போய் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வரும் சத்தங்களைப் பிரித்துக் கேளுங்கள். கரவோக்கேயில் சுவரைத் தாண்டி வருவது பெரும்பாலும் 'தொம் தொம்' என்ற அடிதான். பாடுகிறவரின் சொல் அவ்வளவு தெளிவாக வராது. அது தடித்த சத்தம். செங்கல் சுவரை அதிரவைத்து இந்தப் பக்கம் இறங்குகிறது. பறவைக் கட்டடத்துச் சத்தம் நேர் எதிர். அது ஊசி மாதிரி மெல்லிய, கூரிய சத்தம். சுவரைத் தாண்ட அதற்குச் சக்தி கிடையாது, ஜன்னல் இடுக்கு, கதவின் கீழ் இடைவெளி, காற்றுத் துளை இவற்றின் வழியாகத்தான் நுழைகிறது. மூன்றாவது, இரவு அடங்கிய பிறகு தூரத்தில் ஆலை ஓடும் 'ஊம்' என்ற ரீங்காரம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக இருக்கும். இந்த மூன்றில் எது உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று சொல்ல முடியும்.

நீங்கள் கேட்ட ஹெட்போனில் இருந்தே தொடங்குகிறேன். அதன் வெளிப்புறத்தில் சிறு மைக் இருக்கும். வெளியே வரும் ஒலி அலையை அது பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாவது போல இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பால் லூக் என்ற ஜெர்மானியர் இந்த எண்ணத்துக்கு 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைக் காதில் மாட்டும் பொருளாக்க வெகு காலம் பிடித்தது. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978இல் சூரிச்சில் இருந்து விமானத்தில் திரும்பும்போது, கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி எதையும் கேட்க முடியாமல் போக, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது எங்கே பிறந்தது என்று பாருங்கள். விமானத்துக்குள், மணிக்கணக்கில் மாறாமல் ஓடும் தடித்த இரைச்சலுக்காகப் பிறந்தது. இன்றைக்கும் அது கெட்டிக்காரத்தனம் காட்டுவது அப்படிப்பட்ட சத்தத்தில்தான். ஆலை ரீங்காரம், ஏர்கோன் வெளிப்பெட்டி, பஸ் இன்ஜின் இவற்றை அப்படியே உறிஞ்சி எடுத்துவிடும்.

பறவைக் கீச்சு அப்படி இல்லை. அலை அவ்வளவு நெருக்கமாகவும் வேகமாகவும் வரும்போது எதிர் அலையைச் சரியான கணத்தில் பொருத்த முடியாது. அங்கே அந்த ஹெட்போனில் வேலை செய்வது மின்னணு இல்லை, காதைச் சுற்றி மூடியிருக்கும் மெத்தைதான். திடீரென்று கேட்கும் சத்தத்துக்கும் இதே கதைதான்: மோட்டார் சைக்கிள் உறுமல், சட்டி விழும் ஓசை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அலறல். மனிதப் பேச்சைக் குறைக்கும், ஆனால் முழுதாக எடுக்காது. பலர் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டு, "பேச்சுச் சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறதே" என்று வந்து நிற்பார்கள். உண்மைதான். பின்னணி இரைச்சல் போய்விட்டால் பேச்சு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அறுபது எழுபது வெள்ளிக்கு இணையத்தில் வரும் காதுக்குள் மாட்டும் இயர்பட் பலவற்றில் பெரிய எழுத்தில் 'இஎன்சி' என்று போட்டிருப்பார்கள். அது நீங்கள் நினைக்கும் வசதி இல்லை. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் செய்வது அது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியது 'ஏஎன்சி', மேலே சொன்ன மாதிரி எதிர் அலையால் இரைச்சலை அழிக்கும் வசதி. ஓர் எழுத்து வித்தியாசத்தில் எத்தனையோ பேர் காசைக் கொடுத்து ஏமாந்திருக்கிறார்கள். முன்னூறு வெள்ளிக்குள் ஏஎன்சி கிடைக்காது என்று சொல்லவில்லை, கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு முதல் செலவு அது இல்லை.

முதல் செலவு பத்து இருபது வெள்ளிதான். ஆலையில் கொடுப்பார்களே, நுரையில் செய்த சின்ன இயர்ப்ளக், அதுதான். உங்கள் கணவருக்கு அது புதிது இல்லை. சட்டைப் பையிலோ, மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ ஒரு ஜோடி இப்போதும் கிடக்கும். அதைப் பார்த்து, "இதுவா? இதைப் போட்டால் ஒன்றும் குறைவதில்லையே" என்பார். அவர் மேல் தப்பில்லை. அதை எப்படிப் போடுவது என்று பலருக்கு யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதே இல்லை. சுருளாமல் அப்படியே காதின் வாயில் செருகிவிட்டால் பாட்டிலுக்கு மூடியை மேலே வைத்த மாதிரிதான்.

ஒரு ஆலையில் பாய்லர் பிரிவில் மூத்த தொழிலாளர் ஒருவர் இருந்தார். தினமும் பேனாக்கத்தியால் இயர்ப்ளக்கைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியைக் காதில் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்வார். முழுசாக இருந்தால் வெளியே துருத்திக்கொண்டு வலிக்கிறதாம். "ஒரு நிமிடம் உட்காருங்கள் அண்ணே" என்று அவரை உட்காரவைத்தேன். புதிய ஜோடியில் ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மெதுவாக உருட்டி, சுருக்கமே இல்லாமல் ஊதுவத்திக் குச்சியைவிடச் சற்றுத் தடிப்பாக ஆக்கினேன். அவருடைய இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்கச் சொன்னேன். அப்படி இழுத்தால் வளைந்திருக்கும் காதுக் குழாய் நேராகும். சுருண்ட நுரையை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் மெல்லத் தாங்கிக்கொண்டு முப்பது வரை எண்ணினோம். நுரை உள்ளேயே விரிந்து குழாயை நிறைத்தது. மறு காதுக்கும் அதே மாதிரி. பாய்லர் பக்கம் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெஷினை நிறுத்திட்டானுங்களா?" என்று கேட்டார். பதினைந்து வருடம் அதே இடத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பதினைந்து வருடமும் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்த இரைச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சரியாகப் போய் உட்கார்ந்ததா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. இரு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கி மூடித் திறங்கள். மூடினாலும் திறந்தாலும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் ப்ளக் தன் வேலையைச் செய்கிறது. மூடும்போது சட்டென்று அமைதியானால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் அதுவும் நல்ல அறிகுறிதான்.

சத்தத்தை எத்தனை டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 3எம் நிறுவனத்தின் 1100 என்ற ஆரஞ்சு நிற நுரை ப்ளக் நம் பக்கத்து ஆலைகளில் பரவலாக உண்டு. அதன் ஐரோப்பிய மதிப்பெண்ணான எஸ்என்ஆர் 37. அமெரிக்க மதிப்பெண்ணான என்ஆர்ஆர் 29. ப்ளக் ஒன்றேதான், அளக்கும் முறை வேறு. அதனால் இரண்டு பொருளை ஒப்பிடும்போது எஸ்என்ஆரை எஸ்என்ஆரோடும், என்ஆர்ஆரை என்ஆர்ஆரோடும் வைத்துப் பாருங்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர் காதில் கிடைத்தது. வீட்டில் அதே அளவு கிடைக்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1998இல், நுரை ப்ளக்கின் என்ஆர்ஆரைப் பாதியாகவும், காதுக்கு மேல் மூடும் இயர்மஃப்பினுடையதை முக்காலாகவும் வைத்துக் கணக்குப் போடச் சொன்னது. நுரை ப்ளக்கில் என்ஆர்ஆர் 33தான் உச்சம். அதனால் '45 டெசிபெல் குறைக்கும்' என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 352 என்ற குறியீடோ, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம், டெசிபெல் சாதாரணக் கூட்டல் கழித்தல் போல் போகாது. 10 டெசிபெல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது போல் தோன்றும். ஒழுங்காகப் போட்ட ப்ளக் 20, 25 டெசிபெல் குறைத்தாலே பறவைக் கீச்சு எங்கேயோ தூரத்துத் தோட்டத்தில் கேட்பது போல் ஆகிவிடும்.

கணவருக்கு இதுவே போதும். படுத்துத் தூங்குகிறவருக்கு ஹெட்போனும் இயர்மஃப்பும் ஆகாது, ஒருக்களித்துப் படுத்தால் தலையணை அதைத் தள்ளிவிடும். ஆரஞ்சு நிறத்தது கடினமாகத் தெரிந்தால் இன்னும் மென்மையான நுரையில் செய்தவை உண்டு. காதுத் துளை சிறியவர்களுக்குச் சின்ன அளவிலும் கிடைக்கும். தெலுக் இந்தானில் ஆலைகளுக்குப் பாதுகாப்புச் சாமான் கொடுக்கும் கடையிலும் மருந்தகத்திலும் விசாரியுங்கள். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு ஜோடி வாங்கிப் பார்த்துவிட்டு, எது காதுக்கு இதமாக இருக்கிறதோ அதையே மொத்தமாக வாங்குங்கள். மெழுகு மாதிரிப் பிசைந்து காதின் வாயில் அப்பும் சிலிக்கோன் வகையும் இருக்கிறது. உள்ளே எதுவும் நுழைவது பிடிக்காதவர்களுக்கு அது நல்லது, சத்தம் குறைவது மட்டும் நுரையைவிடக் குறைவாக இருக்கும். பஞ்சு வைப்பது வீண். நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம்தான், ஆனால் பஞ்சு வழியாகச் சத்தம் காற்று போல நுழைந்துவிடும்.

அலாரம் கேட்காதே என்று பயப்படுவார். கையில் கட்டி அதிரும் பட்டையில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள், அல்லது போனை அதிரவிட்டுத் தலையணைக்குக் கீழே வைக்கலாம். வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருந்து, அந்த நேரம் வேறு ஆள் இல்லை என்றால் ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு, அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்கட்டும்.

மகளுக்கு இயர்மஃப் வாங்கிக் கொடுங்கள். ஹெட்போன் மாதிரியே இருக்கும், ஆனால் பாட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. வேலைத்தளத்தில் போடும் நல்ல தரமான மஃப் நூறு வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும். படிக்கும் பிள்ளைக்கு அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு நொடி வேலை. அம்மா கூப்பிட்டால் ஒரு பக்கம் தூக்கிக் கேட்கலாம். நாளைக்குப் பத்துத் தடவை காதுக்குள் விரல் போக வேண்டியதில்லை. மஃப் கூரிய சத்தத்தை நன்றாக அடக்கும், தடித்த அடியை அவ்வளவாக அடக்காது. அதனால் பறவைச் சத்தத்துக்கு மஃப், கரவோக்கே ஏறும் நேரத்தில் நுரை ப்ளக் என்று வைத்துக்கொள்ளட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளக் கூடாது. அதிகமாக உள்ள எண்ணோடு சுமார் 5 டெசிபெல் மட்டும் சேரும். அதற்கு மேல் காதை எப்படி அடைத்தாலும் சத்தம் மண்டை எலும்பு வழியாக உள்ளே போய்விடும். ஆனால் பரீட்சைக்கு முந்தின இரவு பக்கத்தில் பிறந்தநாள் விருந்து வந்துவிட்டால் அந்த 5 டெசிபெல்லும் பெரிதுதான்.

மஃப் வாங்கும்போது மகளையும் கூட்டிப் போங்கள். நம் பெண் பிள்ளைகளுக்கு மஃப் சரியாக உட்காராததற்குக் காரணம் பெரும்பாலும் காதில்தான் இருக்கிறது. ஜிமிக்கி, தொங்கட்டான், காதோரம் இழுத்துப் பின்னிய கூந்தல், மூக்குக் கண்ணாடியின் கால். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் இவற்றில் ஏதாவது புகுந்தால் அந்தச் சின்ன இடுக்கு வழியாகவே சத்தம் இறங்கும். படிக்கும் நேரத்தில் சின்னத் தோடு போட்டுக்கொள்ளட்டும். கண்ணாடி போடுகிறவள் என்றால் கால் மெல்லியதாக இருக்கிற சட்டம் நல்லது. நம் ஊர் வெயிலில் வியர்க்கும், அதைத் தவிர்க்க முடியாது. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி, மெத்தையைத் துணியால் துடைத்து, காதில் கொஞ்சம் காற்றுப் படவிடட்டும். பல ஹெட்போன்களின் செயற்கைத் தோல் மெத்தை நம் ஈரக் காற்றில் ஒன்றிரண்டு வருடத்தில் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். அதனால் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறாள் என்றால் செய்யுளை வாய்விட்டுச் சொல்லிப் படிப்பாள். காதை அடைத்துக்கொண்டு சொன்னால் தன் குரலே உள்ளே முழங்கி எரிச்சல் தரும். அந்த நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கரவோக்கேகாரர்கள் தூங்கும் நேரம், பறவை ஒலிபெருக்கியும் தொடங்கியிருக்காது.

எதைப் போட்டாலும் பேச்சுக் குரல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் என்றேன். அதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது. நம் மூளை சத்தத்தின் அளவைவிட அதில் உள்ள சொல்லைத்தான் விடாமல் துரத்தும். அந்தச் சொல் புரியாமல் போனால் கவனம் படிப்புக்குத் திரும்பிவிடும். மேசை விசிறியை அறை மூலையில் வைத்து ஓடவிடுங்கள். அல்லது போனில் மழைச் சத்தம், அருவிச் சத்தம் போன்ற மாறாத ஒலியை மெல்லிதாக வைக்கலாம். தகரக் கூரை மேல் மழை கொட்டும் இரவில் நம் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகத் தூங்குவார்கள் என்று தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் இரைச்சலை மூட இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. இயர்போனில் பாட்டை வைத்துக் கரவோக்கேயை வெல்லப் பார்க்கும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாமலேயே ஒலியை ஏற்றிக்கொண்டே போவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல், அதுவும் வாரத்துக்கு மொத்தம் 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் காது தாங்கும் நேரம் பாதியாகிவிடும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆலையில் பாய்லர், டர்பைன் அறை, கொட்டை உடைக்கும் பகுதி இவற்றில் பெரும்பாலும் 85 டெசிபெல்லுக்கு மேல்தான் இருக்கும். பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவியைத் திறந்துவிடும்போது பக்கத்தில் நிற்கவே முடியாது. மலேசியாவில் 1989ஆம் ஆண்டின் பழைய விதியில் வரம்பு 90 டெசிபெல்லாக இருந்தது. 2019 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய இரைச்சல் விதியில் அது 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் ஆனது. அதைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு நிர்வாகமே காதுப் பாதுகாப்புச் சாமான் கொடுத்து, பயிற்சி தந்து, செவித்திறன் பரிசோதனையும் செய்ய வேண்டும். அந்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாளில் 4000 என்று போட்ட இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால் இரைச்சல் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். எனக்கே வலது காதில் அந்தப் பள்ளம் இருக்கிறது. இளவயதில், நான் முதலில் வேலை பார்த்த ஆலையில், இரண்டு வருடம் வெறும் காதோடு டர்பைன் அறைக்குள் போய் வந்தேன். கொடுப்பார் இல்லை, கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பேத்தி மெல்லிய குரலில் ரகசியம் சொன்னால் அவளை இடது பக்கம் வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. நரம்பு ஒருமுறை செத்தால் திரும்ப வராது. வேலையால் காது கெட்டால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் அது தொழில்நோய், இழப்பீட்டுக்கு மனுப்போட இடம் உண்டு.

இரவெல்லாம் இரைச்சலில் நின்றுவிட்டு வரும் காதுக்கு வீட்டில் அமைதி கிடைத்தால்தான் அது தேறும். பரிசோதனைக்கு முன்பு 14 மணி நேரம் சத்தத்தில் இருந்து விலகியிருக்கச் சொல்வதும் இதனால்தான், காது களைத்திருந்தால் உண்மையான நிலை தெரியாது. எனவே அவர் பகலில் ப்ளக் போட்டுத் தூங்குவதை யாரும் கேலி பேச வேண்டாம். ஒன்றே ஒன்று, ஆலையில் போட்டதையே எண்ணெய்க் கையோடு வீட்டிலும் போடக் கூடாது. வீட்டுக்கு வேறு ஜோடி.

நம் ஈரச் சூட்டில் காதுக்குள் பூஞ்சை பிடிப்பது சர்வசாதாரணம். குளித்தவுடன் ஈரக் காதில் ப்ளக் போடாதீர்கள். அழுக்குப் பட்டாலோ, உருட்டினால் மெதுவாக விரியாமல் விறைத்துப் போனாலோ தூக்கிப் போடுங்கள். நுரையைக் கழுவி மறுபடி போடுவது சரிவராது. மூன்று அடுக்குக் குடை போல் இருக்கும் ரப்பர் வகையைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். காதில் சீழ், வலி, அரிப்பு, அழுக்கு அடைப்பு இருந்தால் முதலில் கிளினிக்கில் காட்டிவிட்டுத்தான் எதையும் போட வேண்டும். ப்ளக்கை எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகியபடி மெதுவாக எடுங்கள், அந்த இழுப்பில் செவிப்பறை வலிக்கும். தொடர்ந்து நாள் முழுக்க அடைத்தே வைத்திருப்பதும் கூடாது. அமைதியான நேரத்திலும் அடைத்துப் பழகினால், பிறகு சாதாரணச் சத்தமே பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ப்ளக்கை எட்டாத இடத்தில் வையுங்கள், மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள்.

மிச்சமிருக்கும் வெள்ளியை அறைக்குச் செலவு செய்யுங்கள். உங்கள் தாமான் வீட்டில் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பட்டை வைத்த ஜன்னல் இருந்தால், அது மூடியிருக்கும்போதே ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் இடுக்கு இருக்கும். கூரிய சத்தம் காற்றோடு அந்த வழியாகத்தான் வருகிறது. படிக்கும் நேரத்துக்கு மட்டும் ஜன்னல் அளவுக்கு அக்ரிலிக் தகடோ கெட்டியான பலகையோ உள்பக்கம் வைத்து, ஓரத்தில் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையை ஒட்டினால் பறவைச் சத்தம் சட்டென்று விழும். கதவின் கீழ் இடைவெளிக்கும் அதே பட்டை. ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அறைக்குள் காற்று போக வேறு வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், காசையும் கையையும் வீணாக்காதீர்கள். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளிச் சத்தத்தை அது தடுக்காது. கரவோக்கே சுவரில் கனமான துணி அலமாரியை நகர்த்தி வைப்பதும், மகளின் கட்டிலையும் மேசையையும் எதிர்ச் சுவருக்கு மாற்றுவதும் காசில்லாத வேலை. அதை இன்றைக்கே செய்யலாம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டையாகப் போகாமல், பரீட்சை அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் கணவரும் ஒரு மாலை போய் வாருங்கள். "இந்த இந்த நாள் மட்டும் ஒன்பது மணிக்கு நிறுத்தினால் போதும்" என்று தேதியோடு கேட்டால் நம் ஆட்கள் முகத்தை முறிக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். பறவைக் கட்டடம் வேறு விஷயம். அதன் முதலாளி பெரும்பாலும் அங்கே குடியிருக்க மாட்டார். எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, தெருவில் நாலைந்து வீட்டார் கையெழுத்தோடு மாவட்ட மன்றத்தில் கொடுங்கள். தனியாளாகப் போன் போட்டுச் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகள் மஃப்பைக் கழற்றி வைத்துவிட்டும் தினம் ஒரு மணி நேரம் படித்துப் பழகட்டும். தேர்வு மண்டபத்தில் விசிறி ஓடும், நாற்காலி இழுபடும், யாராவது இருமுவார்கள். ப்ளக் போட்டுக்கொண்டு எழுத வேண்டிய நிலை என்றால் பள்ளியில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும், அன்றைக்குக் காலையில் போய் நிற்க முடியாது.

நான் தெலுக் இந்தானில்தான் இருக்கிறேன். ஐந்தாறு வகை ப்ளக், இரண்டு மூன்று மஃப் வீட்டில் இன்னும் வைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இங்கே போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம். மகளை அன்றைக்குச் சின்னத் தோடு போட்டு வரச் சொல்லுங்கள்.